திரும்பி வரும் வெறும் பை

புத்தளத்துக்குப் பக்கத்திலுள்ள பாலாவி தண்ணீரைக் காயவைத்துப் பிழைக்கும் ஊர். களப்பு நீரைப் பெரிய பாத்தியில் ஏற்றி, வெயிலுக்கும் காற்றுக்கும் விட்டு, அடுத்த பாத்திக்குத் திறந்து, அதிலிருந்து இன்னொன்றுக்குத் திறந்து, அடர்த்தி 25 பாகை போமே அளவை எட்டியதும் உப்பு விளையும் பாத்திக்கு விடுவார்கள். ஜிப்சம் அதற்கு முன்பே அடியில் படிந்துவிடும். கச்சான் காற்று பலமாக அடித்தால் உப்பளத்துக்கு நல்ல காலம், வரப்பில் நிற்கிற ஆளின் தொண்டைக்குக் கெட்ட காலம். பாத்திகளுக்குப் பக்கத்தில் கிணறு வெட்டினால் வருவது வாயில் வைக்க முடியாத உவர். உள்ளே தள்ளி வெட்டினால் குடிக்கலாம், ஆனால் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வரும் கடினத் தண்ணீர், கேத்தலின் அடியில் வெள்ளையாக ஒட்டும். ஆகவே இந்த ஊர்க்காரன் உப்பை வெளியே அனுப்பினான், தண்ணீரை வெளியிலிருந்து கொண்டுவந்தான்.

எங்கள் கடை கற்பிட்டி வீதி பிரியும் சந்திக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. வாப்பா தொடங்கியபோது மண்பானை, சட்டி, கடகம், ஓலைப்பெட்டி. பிறகு அலுமினியம் வந்தது. பிறகு பிளாஸ்டிக் வந்து எல்லாவற்றையும் மூலையில் தள்ளியது. இப்போது வாசல் கொழுக்கியில் நான் தொங்கவிட்டிருப்பது மடித்துச் சுருட்டக்கூடிய தண்ணீர்ப் பைகள். வில்பத்துக்குள் முகாம் போடப் போகிற கொழும்புப் பிள்ளைகள் வாங்குகிறார்கள். கற்பிட்டியில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு களப்பில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்கள் வாங்குகிறார்கள். பாலாவிக்காரர் ஒருவரும் வாங்குவதில்லை. தொட்டுப் பார்த்து, "இதை எங்க வைக்கிற தம்பி, நிக்கவே மாட்டேங்குதே" என்று சொல்லிவிட்டு, மூடி போட்ட வெள்ளைக் கலனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். விலைதான் காரணம் என்று முதலில் நினைத்தேன். ஐந்து லீற்றர்ப் பையைக் கலன் விலைக்கே கொடுக்கவும் முடியும் என்றபோதும் அவர்கள் கை அதற்குப் போகவில்லை. அப்போதுதான் இந்தக் கரையில் தண்ணீர் சுமந்தவர்களின் கதையைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

நிறைந்த பாத்திரத்தில் வித்தியாசம் எதுவும் இல்லை. பத்து லீற்றர் தண்ணீர் பத்துக் கிலோ. செம்புக் குடத்தில் இருந்தாலும் ஆட்டுத்தோலில் இருந்தாலும் நெகிழிப் பையில் இருந்தாலும் அதுதான் கணக்கு. தண்ணீர் தீர்ந்த பிறகுதான் ஒவ்வொரு பாத்திரமும் தன் குணத்தைக் காட்டும். தீர்ந்த பாத்திரத்தை யார் சுமக்கிறார்கள், எவ்வளவு தூரம் சுமக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே போனால் பழைய விஷயங்கள் பல விளங்கிவிடுகின்றன.

மொரோக்கோப் பயணி இப்னு பதூதாவிலிருந்து தொடங்கலாம். 1344-இல் மாலைதீவிலிருந்து மஃபர் எனப்பட்ட சோழமண்டலக் கரைக்குப் புறப்பட்டவரைக் காற்று இழுத்துவந்து இலங்கையில் இறக்கியது. அவர் பத்தாலா என்று எழுதும் ஊரைப் புத்தளம் என்றுதான் பொதுவாகக் கொள்கிறார்கள். யாழ்ப்பாண அரசன் ஆரியச் சக்கரவர்த்தி அவரை நன்றாக உபசரித்து, பாவா ஆதம் மலைக்குப் போக ஏற்பாடு செய்துகொடுத்தார். ஒரு பல்லக்கு, நான்கு யோகிகள், மூன்று பிராமணர், அரசனுடைய ஆட்கள் பத்துப் பேர், சாப்பாட்டுச் சாமான் சுமக்கப் பதினைந்து பேர். தண்ணீர் சுமக்க என்று தனியாக ஒருவரும் இல்லை. அந்த வழியில் தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை என்று அவரே குறித்துவைக்கிறார்.

இதை எழுதியவர் தண்ணீர்ப் பை அறியாதவர் அல்லர். 1326-இல் திமிஷ்கிலிருந்து ஹஜ்ஜுக்குப் போன கூட்டத்தோடு தபூக்கில் தங்கியபோது பார்த்ததை விரிவாகச் சொல்கிறார். ஊற்றைச் சுற்றித் தண்ணீர்க்காரர்கள் முகாமிட்டிருக்கிறார்கள். எருமைத் தோலில் பெரிய தொட்டிகளே தைத்துவைத்திருக்கிறார்கள். அதிலிருந்து ஒட்டகங்களுக்குத் தண்ணீர் காட்டி, தோல் பைகளையும் நிரப்பிக்கொண்டு பாலைவனத்துக்குள் இறங்குகிறார்கள். இன்று நிவாரண அமைப்புகள் லொறியில் சுருட்டிக் கொண்டுவந்து தரையில் விரித்து நிரப்பும் தலையணை வடிவத் தாங்கிக்கு, எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான பழைய சாட்சி கிடையாது. அவ்வளவும் கண்டவர், புத்தளத்திலிருந்து தென்கிழக்கே போகும்போது பையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. வழியில் ஆறும் குளமும் இருந்தால் தண்ணீரை எதற்குச் சுமப்பது?

பொதிமாடு ஓட்டிய தவளக்காரர்களும் அப்படித்தான். புத்தளம் உப்பும் கருவாடும் மாட்டு முதுகில் ஏறிக் கண்டிப் பக்கம் போயின, பாக்கு இந்தப் பக்கம் வந்தது. 1766-இல் ஒல்லாந்தர் கண்டி அரசனிடமிருந்து கரை முழுவதையும் எழுதி வாங்கிய பிறகும், புத்தளம், சிலாபம் களப்புகளில் உப்பு அள்ளக் கண்டிக்காரருக்கு உரிமை விட்டுவைத்தார்கள். உப்பில்லாமல் மலைநாடு இல்லை. தவள மாட்டின் இரு பக்கமும் தொங்கியவை சாக்குகள். போகும்போது உப்பு, வரும்போது பாக்கு, சரக்கு இல்லையென்றால் சுருட்டி முதுகில் போட்டுவிடலாம். பானையை அப்படிச் செய்ய முடியாது. உள்நாட்டுப் பாதைகள் குளத்துக்குக் குளம் தொட்டுப் போனதற்குப் பல காரணம் சொல்வார்கள். மாட்டின் மேல் பானைக்கு இடமில்லை என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

தண்ணீருக்கென்றே மடிகிற பை இந்தத் தீவில் பெருவாரியாகப் புழங்கியது வெள்ளைக்காரர் படையோடு. அந்தப் பைக்கும் அதைச் சுமந்த ஆளுக்கும் ஒரே பெயர்: பக்காலி. ரொபேர்ட் பேர்சிவல் என்ற ஆங்கிலப் படை அதிகாரி 1803-இல் லண்டனில் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் இது வருகிறது. மாட்டின் மேல் தோல் பைகள். ஒவ்வொரு படைப்பிரிவுக்கும், தீவிலுள்ள ஒவ்வொரு காவல் நிலைக்கும் இத்தனை பை என்று கணக்கு. பையை நிரப்பி, மாட்டை ஓட்டிக்கொண்டு துரைமாரின் இருப்பிடங்களுக்குப் போகப் பக்காலிப் பையன்கள். எல்லாக் காவல் நிலைக்கும் என்றால் 1795-இல் ஆங்கிலேயர் கைக்கு வந்த கற்பிட்டிக் கோட்டைக்கும் அது பொருந்த வேண்டும். இந்தியாவில் தோளில் ஆட்டுத்தோல் பையைத் தொங்கவிட்டுத் தண்ணீர் தெளித்த பிஷ்திகளின் உறவுக்காரர்தான் பக்காலி. பிஷ்திக்கு ஒரு ஆட்டின் முழுத் தோல், பக்காலிக்கு மாடு சுமக்கும் இரட்டைப் பை.

ஆட்டுத்தோல் பையைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் தையல் மிகக் குறைவு. வயிற்றைக் கீறாமல், கழுத்து வழியாகச் சட்டையைக் கழற்றுவதுபோல் தோலை உரித்து எடுக்கிறார்கள். கால்களை முடிச்சுப் போட்டுக் கட்டினால் அவையே தோளில் மாட்டும் வாருக்குப் பிடி. கழுத்துதான் வாய். ஒழுகும் இடம் எது என்று பார்த்தால் முடிச்சுகள் மட்டும். இன்றைய பையிலும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்: எத்தனை இடத்தில் ஒட்டியிருக்கிறார்கள், ஒட்டு எங்கே மூலை திரும்புகிறது, வாய்க்கழுத்து பையோடு எப்படிச் சேர்கிறது. நடுவயிற்றில் கிழிந்த பை என்னிடம் திரும்பி வந்தது அபூர்வம். வருவதெல்லாம் மூலையிலும் வாயிலும் போனவை.

படை போனதும் பக்காலியும் போய்விட்டது. பதனிட்ட தோல் சுத்தமானது என்பது மார்க்கத்தில் உள்ளதுதான், அந்தத் தடை எங்களுக்கு இல்லை. தோல் பைக்கு வேலை அதிகம் என்பதே தடை. கொழுப்புப் போட வேண்டும், காயவும் விடக்கூடாது, ஊறிக்கொண்டே கிடக்கவும் விடக்கூடாது. களப்புக் காற்றின் ஈரத்தில் நாலு நாள் மூலையில் கிடந்தால் பூஞ்சணம். படையிடம் அதற்குச் சம்பள ஆள் இருந்தது. குடியானவன் வீட்டில் அந்த வேலை யாருக்குப் போகும்? ஏற்கெனவே குடம் தூக்கும் பெண்ணுக்குத்தான்.

குடியானவனிடம் இருந்தது பனை. வடக்கிலும் மன்னாரிலும் துலாக் கயிற்றில் கட்டி இறைக்கப் பனையோலைப் பட்டை வைத்திருந்தார்கள். இங்கேயும் வாப்பாவின் கடையில் அது தொங்கியது எனக்கு நினைவிருக்கிறது. ஓலையைக் கிழிக்காமல் அதன் மடிப்புகளோடு வளைத்து, இரு நுனியையும் சேர்த்து நாரால் கட்டி, வாயில் ஒரு குறுக்குக் கம்பு. அவ்வளவுதான். கிணற்றுக் கல்லில் மோதினால் பானை உடையும், தகர வாளி நசுங்கும், பட்டை வளைந்து கொடுக்கும். ஈரமாக இருக்கும் வரைக்கும் நல்லது. வெயிலில் காயவிட்டால் மடிப்பில் வெடிக்கும். வெடித்தால் கவலையில்லை, அடுத்த மரத்தில் ஓலை இருக்கிறது. பதநீர் குடிக்கிற சின்னப் பட்டையை ஒரு தடவை குடித்து எறிந்துவிடுவார்கள். வெறும் பாத்திரத்தைச் சுமக்கும் சிக்கலுக்கு இந்தக் கரை கண்ட வழி அதுதான்: போகிற இடத்தில் செய், முடிந்ததும் விட்டுவிட்டு வா. தொலைவுப் பயணத்துக்குப் பட்டை உதவாது, வாய் திறந்தது. அதற்குச் சுரைக்குடுவை இருந்தது. பாரமே இல்லாத பாத்திரம் அது. மடியாது, ஆனால் மடிக்க வேண்டிய தேவையும் இல்லை.

இரண்டாம் உலகப் போரில் மறுபடி படை வந்தது. இன்று பாலாவி விமானப்படைத் தளம் இருக்கும் இடத்தில் பிரித்தானியக் கடற்படையின் விமானப் பிரிவு ஓடுபாதை வைத்திருந்தது. ராஜாளிய என்று அதற்குப் பெயர். சேற்றில் புதைந்த போர் விமானத்தை யானை கட்டி இழுக்கும் படங்கள் அங்கே எடுத்தவை. வறண்ட ஊர் என்று நான் சொல்லிக்கொண்டிருக்க, படத்தில் சேறு! இரண்டும் உண்மை. மாரி வந்தால் எல்லாம் ஒன்றாகக் கொட்டிக் களப்பில் போய்ச் சேரும், தையில் மண் வெடிக்கத் தொடங்கும்.

அந்தக் காலத்துப் படைகளின் பை கன்வஸ். அமெரிக்கப் படையில் வில்லியம் லிஸ்டர் என்ற மருத்துவ அதிகாரி வடிவமைத்த பெரிய பை முதல் உலகப் போரிலேயே வந்துவிட்டது. 36 கேலன், அதாவது 136 லீற்றர் அளவு கொள்ளும். முக்காலியில் தொங்கவிட்டு, குளோரின் மருந்து கலந்து, அடியில் இருக்கும் குழாய்களில் பிடித்துக்கொள்வார்கள். தண்ணீரைச் சேர்த்துவைக்கும் பையிலேயே சுத்தம் செய்வது என்ற யோசனை அங்கேதான் உருப்பெற்றது. வட இந்தியாவில் சாகல் என்று சொல்லும் கன்வஸ் பை அளவில் சின்னது, ஜீப்பின் முன்னால் தொங்கும். நனைந்தால் நூல் ஊதித் துவாரம் அடையும். ஆனாலும் கொஞ்சம் கசியும், கசிந்த ஈரம் காற்றில் காய்ந்து உள்ளே தண்ணீர் குளிரும். கச்சான் காலத்தில் பாலாவிக்கு இதைவிட நல்ல பை கிடையாது என்பேன். உப்பளத்துக்கு உதவும் அதே காற்று இங்கே தண்ணீரைக் குளிர்விக்கும். ஆனால் சுமக்கிற தண்ணீரில் கொஞ்சத்தைக் காற்றுக்குக் கொடுக்க வேண்டும். அதனால்தானோ என்னவோ அது வண்டியில் தொங்கியது, மனிதன் முதுகில் அதிகம் ஏறவில்லை.

பிறகு 1990. அந்த வருஷம் அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள், 70,000 பேருக்கும் மேல். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவுச் சனங்கள் தோணிகளில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினார்கள். கற்பிட்டி, ஆலங்குடா, தில்லையடி, பாலாவி என்று தென்னந்தோட்டங்களுக்குள் கிடுகுக் கொட்டில்கள் முளைத்தன. எங்கள் வளவுக் கிணற்றில் விடியுமுன் வாளிச் சத்தம் கேட்கத் தொடங்கியது. உம்மா யாரையும் மறுக்கவில்லை. ஆனால் கிணறு ஆற்றாமல் போனது, மத்தியானத்துக்குள் கலங்கிவிடும். பவுசர் வரும் நாளில் சந்தி முழுவதும் வரிசை.

அந்த வரிசையில் இருந்த பாத்திரங்களைப் பார்த்தால் யார் என்னத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள் என்று தெரியும். ஒன்றுமில்லாதவர்கள் எண்ணெய்க் கலன், பெயின்ற் வாளி, பால்மா டின் என்று இங்கே தேடி எடுத்தவர்கள். அகதி நிவாரணத்தில் உலகம் முழுவதும் கொடுக்கிற பொருள் ஒன்று உண்டு: பத்து லீற்றர் கொள்ளும், தட்டையாக அமுக்கக்கூடிய பிளாஸ்டிக் கலன், கைபிடியும் திருகு மூடியும் வைத்தது. லொறிக்கு ஏற்றும்போது அதன் அருமை தெரியும். சாதாரணக் கலனை ஏற்றினால் லொறி நிறையக் காற்றுத்தான் போகும். அமுக்கிய கலன் அதே இடத்தில் பல மடங்கு அடங்கும். கொடுப்பவருக்கு இது பெரிய விஷயம், கப்பல் கூலி முதல் லொறிக் கூலி வரை மிச்சம்.

வாங்கியவர்கள் செய்ததை நான் கிட்ட நின்று பார்த்தேன். ஒரு தடவை விரித்தார்கள், மறுபடி மடிக்கவே இல்லை. தினமும் அதே கொட்டிலிலிருந்து அதே கிணற்றுக்குப் போகும் பெண்ணுக்கு வெறும் கலனை மடித்து என்ன லாபம்? அவளுக்கு வேண்டியது சைக்கிள் கரியரில் நிமிர்ந்து நிற்கும் கலன், பிள்ளை தட்டினாலும் விழாத கலன். மடிப்புக் கோட்டில் பிளாஸ்டிக் வெள்ளையாகிப் பிறகு அங்கேதான் கீறல் விழும். சிலர் மெழுகுதிரியைக் கொளுத்திச் சொட்டுவிட்டு ஒட்டினார்கள், மூன்றாம் நாள் திரும்ப ஒழுகியது. கையில் நாலு காசு வந்ததும் வாப்பாவின் கடையில் கெட்டிக் கலன்தான் கேட்டார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் நிவாரணக் கலன் வென்றது: வாய் சின்னது, மூடி உண்டு. வாளியில் கை படும், குவளை படும், கலனில் படாது. 1997-இல் தொடங்கிய ஸ்பியர் நிவாரண நியமங்கள் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லீற்றர் தண்ணீர் என்று அளவு வைத்ததோடு, வாய் குறுகிய, மூடியுள்ள பாத்திரத்தையும் வலியுறுத்தின. பாலாவியில் குடத்தின் இடத்தைக் கலன் பிடித்தது அந்த முகாம் வருஷங்களில்தான். 2007-இல் உலக வங்கியின் வீடமைப்புத் திட்டம் வந்து கல்வீடும் குடிநீரும் கிடைக்கத் தொடங்கிய பிறகும் கலன் போகவில்லை. இன்றும் சுத்திகரிப்பு நிலையத்தில் வரிசையில் நிற்பது அதே கலன்.

ஆக, மடிகிற பை இந்த ஊருக்கு வந்ததெல்லாம் வேறிடத்துக்காரரோடு வந்தது. தூர இடத்திலிருந்து வெறுமையாகக் கொண்டுவந்து, இங்கே நிரப்பி, மறுபடி வெறுமையாகத் திரும்பிப் போகிறவர்களுக்கு அது தேவைப்பட்டது. படைக்குத் தேவை, நிவாரணக்காரருக்குத் தேவை, இப்போது சுற்றுலாப் பிள்ளைகளுக்குத் தேவை. என் ஊர்க்காரர் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவது பழமைப் பிடிவாதத்தால் என்று ஒரு கொழும்பு வாடிக்கையாளர் சிரித்தார். அவர் முதுகுப் பையோடு வந்தவர், இவர் சைக்கிளோடு வந்தவர். இரண்டு பேரும் சரியான பாத்திரத்தைத்தான் எடுத்துப் போனார்கள்.

முதுகில் சுமக்கும் இன்றைய வகைக்குப் பிறப்பிடம் ஆஸ்பத்திரி. 1988-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், கொளுத்தும் வெயிலில் நடக்கும் நூறு மைல் சைக்கிள் ஓட்டத்துக்குப் போன மைக்கேல் ஐட்சன், சேலைன் பையில் தண்ணீர் நிரப்பி, நீளக் காலுறைக்குள் திணித்து, சட்டை முதுகில் தைத்துக்கொண்டார். குழாய் தோளுக்கு மேலால் வாய்க்கு. அவசர மருத்துவ உதவியாளர் அவர். கையில் கிடைத்தது அதுதான். அடுத்த வருஷமே கெமல்பெக் என்ற பெயரில் அது வியாபாரமாகிவிட்டது.

வில்பத்துக்குப் போகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். 1938-இலிருந்து தேசியப் பூங்கா, 1,300 சதுர கிலோமீற்றருக்கு மேல். உள்ளே வில்லு என்கிற இயற்கைக் குளங்களில் தண்ணீர் கண்ணுக்குத் தெரியும், ஆனால் முதலையும் எருமையும் அதில் கிடக்கும். ஆகவே குடிக்க, சமைக்க எல்லாம் கொண்டுபோவதுதான். பத்து லீற்றர்ப் பை ஒன்றுக்குப் பதில் நாலு லீற்றர்ப் பைகள் சிலவற்றை எடுங்கள். ஒன்றில் சூரைமுள் குத்தினால் மற்றவை இருக்கும். தடித்த நைலோன் உறை வைத்தது பாரம்தான், காட்டுக்கு அதுவே நல்லது. மெல்லிய ஒளிபுகும் பை கூடாரத்துக்குள் தொங்கவிடுவதற்கு. வாய் அகலமாக இருந்தால் உள்ளே கையை விட்டுக் கழுவலாம், ஆனால் ஊற்றும்போது சிந்தும். அகல வாய்க்குள் சின்ன மூடி வைத்த வகை இரண்டுக்கும் சரி. கடையிலேயே நிரப்பி மூடி, பலகையின் கீழ் வைத்து ஆள் ஏறி உட்கார்ந்து பாருங்கள். ஒழுகுமானால் இங்கேயே ஒழுகட்டும். மூடியின் புரியில் மணல் சிக்கினால் எந்தப் பையும் கசியும், கற்பிட்டிக் கரையில் அதுதான் முதல் எதிரி. தேசிக்காய்ச் சாறு, சர்பத் ஒன்றும் பைக்குள் ஊற்ற வேண்டாம். அந்த வாடை மூன்று பயணத்துக்குப் போகாது.

திரும்பி வந்ததும் பையைச் சுருட்டி அலுமாரியில் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். உள்ளே ஈர்க்கு இரண்டைக் குறுக்காகக் கொடுத்து, பக்கங்கள் ஒட்டாமல் அகலவைத்து, வாய் கீழ்நோக்கி நிழலில் தொங்கவிட வேண்டும். சுண்ணாம்பு படிந்திருந்தால் வினாகிரி கலந்த தண்ணீரை ஓர் இரவு விட்டு அலசினால் போய்விடும். அந்தப் படிவும் வேண்டாம் என்பவர்களுக்குப் புத்தளம் டவுனுக்குப் போகும் வழியில் சுத்திகரித்த தண்ணீர் விற்கும் இடத்தைக் காட்டி அனுப்புகிறேன். பையை மட்டும் என்னிடம் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.